பத்து லட்சமும் ஒரு பழைய மேற்சட்டையும்

பழைய மேற்சட்டை ஒன்றைத் தேடிப் பலர் ஒரு நகரெங்கும் ஓடித் திரிகின்ற கதை, வரலாற்றுப் பேச்சுக்கு ஏற்ற பொருளாகுமா என நேயர்களிற் சிலர் ஐயுறக்கூடும். போர்களும் உடன்படிக்கைகளும் அரசர் முடிசூடிய ஆண்டுகளுமே வரலாறு என்று நாம் பள்ளிப் பருவந்தொட்டே பழகிவிட்டோம். பிரான்சு தேசத்து வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும்போது 1789ஆம் ஆண்டையும் நெப்போலியனையும் மறவாது சொல்லுகின்றோம். அந்நாட்டு மக்கள் எதைக் கண்டு சிரித்தனர் என்பதை எந்தப் பாடநூலும் கேட்பதில்லை. ஆயினும், ஒரு சமூகம் சிரித்த சிரிப்பும் அதன் வரலாற்றின் ஒரு பகுதியே. 1931ஆம் ஆண்டிலே பாரிசில் எடுக்கப்பெற்ற 'லே மில்லியோன்', அதாவது 'பத்து லட்சம்' என்னும் காதல் நகைச்சுவைப் படத்தை இன்று நாம் எடுத்துக்கொள்வது அதன் பொருட்டேயாம்.

கதையை முதலிற் சொல்லிவிடுகின்றேன். மிஷேல் என்பவன் ஒரு வறிய ஓவியன். இறைச்சிக் கடைக்காரர், மளிகைக் கடைக்காரர், பால்காரர் என அவன் கடன்படாத வியாபாரி அத்தெருவில் இல்லை. மாடியில் எதிர் அறையில் வசிக்கும் பெயத்திரிஸ் என்ற நடனப்பெண்ணை அவன் மணம்புரிய நிச்சயித்திருக்கின்றான். ஒருநாள், ஒல்லாந்து நாட்டு அதிர்ஷ்டலாபச் சீட்டில் அவனுக்குப் பத்து லட்சம் விழுந்ததாகச் செய்தி வருகின்றது. சீட்டோ அவனது கிழிந்த மேற்சட்டைப் பையில் இருக்கின்றது. மேற்சட்டையோ தைப்பதற்காகப் பெயத்திரிசிடம் போயிருக்கின்றது. அவளோ, மிஷேல் வேறொருத்தியோடு சல்லாபம் செய்ததைக் கண்டு மனம் நொந்து, காவலருக்கு அஞ்சி ஓடிவந்த ஒரு கிழவருக்கு அதை ஈந்துவிட்டாள். துலிப்புத் தாத்தா என வழங்கப்பெறும் அக்கிழவர் வெளியுலகுக்குப் பழந்துணி வியாபாரி. உள்ளே திருடர் கூட்டத்தின் தலைவர். அவர் கடையிலிருந்து அந்த மேற்சட்டையைச் சொப்பிரனெல்லி என்னும் இசைநாடகப் பாடகர் விலைக்கு வாங்கிச் செல்கின்றார். மேடையிலே ஏழையாக நடிக்க அவருக்கு ஒரு கந்தல் உடுப்பு வேண்டியிருந்தது! பின்னர் ஓவியனும், அவனுடைய நண்பன் புறொஸ்பேரும், திருடர்களும், காவலரும் அந்த மேற்சட்டையைத் துரத்திக்கொண்டு நாடக அரங்கினுட் புகுகின்றனர்.

கதை இவ்வளவே. இதிலே தத்துவம் எதுவுமில்லை. ஆயின், இது எழுந்த காலத்தை நோக்கினால், இவ்வளவு இலேசான ஒன்றைச் செய்துமுடித்தது எத்துணை அரிய காரியம் என்பது விளங்கும்.

1927ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அமெரிக்காவில் 'ஜாஸ் பாடகன்' என்ற படம் வெளியாயிற்று. அதற்குமுன் முப்பது ஆண்டுகளாகச் சினிமா பேசாத கலையாயிருந்தது. பேசாதிருந்தமையாலேயே அது உலகப் பொதுமொழியாகவும் விளங்கியது. இடையிடையே காட்டப்பெறும் எழுத்துகளை மாற்றினாற் போதும். ஒரே படம் பேர்லினிலும் தோக்கியோவிலும் கொழும்பிலும் ஓடலாம். படம் வாய் திறந்து பேசத் தொடங்கியதும் இந்தப் பொதுமை உடைந்தது. ஆங்கிலம் பேசும் படத்தைப் பாரிசு மக்கள் எவ்வாறு விளங்கிக்கொள்வர்? பிரெஞ்சு பேசும் படத்தை வேறு எவர் வாங்குவர்? அமெரிக்கப் பரமவுண்ட் நிறுவனம் 1930ஆம் ஆண்டிலே பாரிசுக்கு அருகே ஜுவன்வில் என்னுமிடத்தில் ஒரு பெரும் படப்பிடிப்பு நிலையத்தை அமைத்தது. அங்கே ஒரே கதையை, ஒரே அரங்கில், நடிகரை மட்டும் மாற்றி மாற்றிப் பல ஐரோப்பிய மொழிகளில் எடுத்தனர். காலையில் ஒரு மொழி, மாலையில் ஒரு மொழி என்றவாறு நடந்த இந்த உற்பத்தியிற் கலை எத்துணை எஞ்சியிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒலிப்பதிவுக் கருவிகளுக்கான உரிமைகள் அமெரிக்கரிடமும் யேர்மனியரிடமுமே இருந்தன. அவ்விரு தரப்பாரும் வழக்காடி ஓய்ந்து, 1930ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பாரிசிலே கூடி, உலகச் சந்தையைத் தம்முட் பங்குபோட்டுக்கொண்டனர். லூமியேர் சகோதரர் 1895ஆம் ஆண்டு திசெம்பர் 28ஆந் திகதி காசு பெற்றுப் படக்காட்சி நடாத்திய அதே பாரிசில், பிரெஞ்சுக்காரர் பார்வையாளராய் நிற்க, பிறர் அமர்ந்து பங்கு பிரித்தனர்.

இந்தச் சூழ்நிலையிலேதான் றெனே கிளேர் வருகின்றார். இவருடைய இயற்பெயர் றெனே ஷொமெத். 1898ஆம் ஆண்டு நவம்பர் 11ஆந் திகதி பாரிசின் பெருஞ்சந்தைப் பகுதியாகிய லேசால் வட்டாரத்திற் பிறந்தவர். தந்தையார் சவர்க்கார வியாபாரி. முதலாம் உலகப் போரில் நோயாளர் வண்டிப் படையிற் சேவைசெய்து, முதுகெலும்பிற் காயமுற்றுத் திரும்பினார். போரிற் கண்டவற்றைக் கவிதைகளாக எழுதினார், அவற்றை அச்சேற்றவில்லை. பின்னர்ப் பத்திரிகையாளராயும், சிறிதுகாலம் நடிகராயும் இருந்து, படம் இயக்கத் தொடங்கினார். இலேசான சிரிப்பையே வாழ்நாள் முழுதும் நாடிய ஒருவர், இருபது வயது நிரம்புமுன் மரணத்தை அவ்வளவு அருகிற் கண்டவர் என்பதை நாம் மனங்கொள்ளவேண்டும். துன்பமறியாதவரின் விளையாட்டன்று அவருடைய நகைச்சுவை.

அவருடைய பேசாப் படங்களுள் தலைசிறந்தது 1928ஆம் ஆண்டில் வெளிவந்த 'இத்தாலிய வைக்கோல் தொப்பி'. 1851ஆம் ஆண்டிலே லபிஷ் என்னும் நாடகாசிரியர் மிஷேல் என்பாருடன் கூடி எழுதிய நாடகம் அது. திருமணத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளையின் குதிரை, வேறொரு மாதின் தொப்பியைத் தின்றுவிடுகின்றது. அதே மாதிரித் தொப்பி இன்னொன்று கிடைத்தாலொழிய அம்மாதின் மானம் தப்பாது. மாப்பிள்ளை தொப்பி தேடி ஓட, கல்யாண ஊர்வலம் முழுவதும் அவன் பின்னால் ஓடுகின்றது. லபிஷின் நாடகம் சொல் நகைச்சுவையால் நிறைந்தது. கிளேருக்கோ சொல் கிடையாது. அவர் என்ன செய்தார்? ஒவ்வொரு சொல்லுக்கும் பதிலாக ஒரு பொருளை வைத்தார். ஒருவருக்கு இறுகிய சப்பாத்து; ஒருவருக்குக் காணாமற்போன கையுறை; செவிடரான ஒரு பெரியவருக்கு அடைத்துப்போன கேட்குங்குழல். கதை நிகழும் காலத்தையும் 1895ஆம் ஆண்டுக்கு, அதாவது சினிமா பிறந்த ஆண்டுக்கே மாற்றிக்கொண்டார்.

பொருளைக்கொண்டு சிரிப்பூட்டக் கற்ற இத்தகைய ஒருவருக்குப் பேசும்படத்தின் வருகை உவப்பாயிராது என்பது வெளிப்படை. கிளேர் அதற்கு அஞ்சினார்; எழுத்திலும் எதிர்த்தார். ஆனால் அவர் வெறுமனே வைதுகொண்டிருக்கவில்லை. 1929ஆம் ஆண்டில் இலண்டனுக்குச் சென்று அங்கு ஓடிய பேசும்படங்களை இருந்து பார்த்தார். அவற்றுள் 'புறோட்வே மெலடி' என்ற அமெரிக்கப் படத்தின் ஒரு காட்சி அவரைத் தடுத்தாட்கொண்டது. கதாநாயகி சன்னலருகே நின்று வெளியே நோக்குகின்றாள். கதவு சாத்தப்படும் ஓசை கேட்கின்றது. மோட்டார் வண்டி புறப்பட்டுப் போகும் ஓசை கேட்கின்றது. கதவையும் வண்டியையும் நாம் காண்பதில்லை. அவளுடைய வேதனை நிறைந்த முகத்தை மாத்திரமே காண்கின்றோம். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு வேறொன்று. இரண்டும் ஒன்றையே சொல்லும்போது ஒன்று வீண் என்பதைக் கிளேர் அன்று தெளிந்தார்.

இதனை வானொலி நேயர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. திண்ணையிலிருந்து வானொலி நாடகம் கேட்கும் ஒருவர், படலை திறக்கும் ஓசையைக் கொண்டே முழு முற்றத்தையும் மனக்கண்ணிற் கண்டுவிடுகின்றார்.

தெளிந்ததை 1930ஆம் ஆண்டிலே 'பாரிசின் கூரைகளின் கீழ்' என்ற படத்திற் செய்துகாட்டினார். படப்பிடிப்புக் கருவி புகைபோக்கிகள் நிறைந்த கூரைகளின் மேலாக மிதந்து வந்து, மெல்லத் தெருவில் இறங்குகின்றது. அங்கே ஒரு பாட்டு வியாபாரி, கூடிநிற்கும் மக்களுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுத்து அச்சுத்தாளை விற்கின்றான். ஓரிடத்தில் இருவர் சச்சரவிடுகின்றனர். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நிற்பதால் அவர்கள் பேச்சு நமக்குக் கேட்பதில்லை. இன்னோரிடத்திற் புகையிரதப் பாதையோரம் கைகலப்பு நடக்கின்றது. புகையிரதத்தின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகின்றது. பேசும்படத்தில் நடிகரைப் பேசவிடாது தடுப்பதற்கு இவ்வளவு உபாயங்கள்! பாரிசில் அப்படத்துக்கு முதலில் வாய்த்தது மந்தமான வரவேற்பே. பேர்லினில் அது பெருவெற்றி பெற்றது; யப்பான்வரை சென்று புகழீட்டியது. அதன் பின்னரே பாரிசு மக்கள் திரும்பிப் பார்த்தனர். தம் வீட்டுப் பிள்ளையின் திறமையைப் பக்கத்து வீட்டார் சொல்லிக் கேட்கும் வழக்கம் நமக்கு மாத்திரம் உரியதன்று போலும்.

இவ்விடத்தில் ஒரு விந்தையையும் குறிப்பிடவேண்டும். பாரிசின் உயிர்நிலையே இப்படங்களில் இருக்கின்றது என்று உலகம் கொண்டாடியது. ஆனால் அவற்றைத் தயாரித்தது தோபிஸ் என்னும் யேர்மன் ஒலிப்பட நிறுவனத்தின் பாரிசுக் கிளை. அந்தத் தெருக்களும் கூரைகளும் மாடிப்படிகளும் மெய்யான பாரிசல்ல. எப்பினே என்னும் இடத்துப் படப்பிடிப்பு நிலையத்தில் மரத்தாலும் சாந்தாலும் துணியாலும் கட்டப்பட்டவை. கட்டுவித்தவர் லசார் மேர்சன். இரசியப் பேரரசிற் பிறந்து பாரிசில் அடைக்கலம் புகுந்தவர். பிறநாட்டுப் பணத்தில், பிறநாட்டில் பிறந்தவன் கைவண்ணத்தில், ஒரு கூடத்துக்குள் எழுந்த பாரிசையே உலகம் மெய்ப் பாரிசு என நம்பிற்று. மெய்யான பாரிசுக்குச் சென்றவர்களும் அங்கே இந்தப் பாரிசையே தேடினர் என்பதுதான் வேடிக்கை.

இனிப் 'பத்து லட்சம்' படத்துக்கு வருவோம். ஜோர்ச் பேர், மார்செல் கியமோ என்னும் இருவர் எழுதிய பழைய நாடகம் ஒன்றே அதற்கு மூலம். மிஷேலாக றெனே லெபேவ்ரும் பெயத்திரிசாக அன்னபெல்லாவும் நடித்தனர். ஓவியன் சீட்டு வாங்கியது ஏன் ஒல்லாந்து நாட்டில் என்று யாரேனும் கேட்கலாம். பிரான்சில் 1836ஆம் ஆண்டிலேயே அதிர்ஷ்டலாபச் சீட்டு சட்டத்தால் தடைசெய்யப்பட்டுவிட்டது. அரசாங்கமே அதனை மீண்டும் தொடக்கியது 1933ஆம் ஆண்டில், பொருளாதார மந்தம் கழுத்தை நெரித்தபோதுதான். 1931ஆம் ஆண்டிலே பாரிசு ஏழை ஒருவன் திடீரெனச் செல்வனாக வேண்டுமாயின் எல்லைக்கு அப்பால்தான் நோக்கவேண்டியிருந்தது. ஒரு வேடிக்கைக் கதையின் மூலையிலும் ஒரு சட்டத்தின் வரலாறு ஒளிந்துகிடக்கின்றது.

இப்படத்திற் கடன்காரர் வந்து வசைபாடுவதில்லை. கூட்டமாகப் பாட்டே பாடுகின்றனர். ஓவியன் செல்வனாகிவிட்டான் என அறிந்ததும், அதே கடன்காரர் அதே மாடிப்படியில் மாலையும் விருந்துமாக வந்து நிற்கின்றனர். மனிதர் பணத்துக்கு முன் எவ்வாறு நிறம் மாறுவர் என்பதைக் கிளேர் இடித்துரைக்கவில்லை. இராகத்தை மட்டும் மாற்றுகின்றார். அத்தோடு சரி.

படத்தின் சிகரம் நாடக அரங்கக் காட்சி. மேடையிலே பருத்த உடலினராகிய பாடகியும் சொப்பிரனெல்லியும் காதற் பாட்டுப் பாடுகின்றனர். இருவரும் உள்ளூர ஒருவரையொருவர் வெறுப்பவர்கள். திரை விழுந்தாற் சண்டை. திரை எழுந்தபோது வெளியேற வழியின்றி மிஷேலும் பெயத்திரிசும் மேடைச் செடிகளின் மறைவில் அகப்பட்டுக்கொண்டனர். பிணங்கி முகந்திருப்பிய காதலர் இருவரும் மூச்சுவிடவும் அஞ்சி அங்கே அமர்ந்திருக்க, முன்னால் நிற்கும் பொய்க் காதலர் பாடுகின்ற சொற்கள் இவர்கள் செவியில் விழுகின்றன. பாடுபவர் நெஞ்சில் இல்லாத காதல், கேட்பவர் நெஞ்சிற் போய்ப் பதிகின்றது. மேலேயிருந்து ஒரு பணியாளர் செயற்கை இதழ்களைச் சொரிகின்றார். அட்டை நிலவு, துணி மரம், காகிதப் பூ. எல்லாம் பொய் என்று காட்டிக்கொண்டே, அவ்விருவரின் இணக்கத்தை மாத்திரம் மெய்யாக்கிவிடுகின்றார் கிளேர். இவ்விருவரும் இக்காட்சியிற் பேசுவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஊடல் தீர்தலை அகத்திணையிற் படித்தவர் நாம்; தூதும் வாயிலும் இன்றி, தம்மையறியாத இரு பாடகரே வாயிலாகி ஊடல் தீர்க்கும் இத்துறையை நம் இலக்கணகாரரும் இரசித்திருப்பர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதன்பின் மேற்சட்டைக்காக நடக்கும் போராட்டம். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு அது பறக்கின்றது. பிடிப்பவரும் விழுபவரும் மேல்விழுந்து அமுக்குபவருமாகக் காட்சி நிகழ, நாம் கேட்பதோ றக்பி ஆட்டத்தின் ஊதுகுழலும் திரண்ட சனங்களின் ஆரவாரமும்! கண் ஒன்றைக் காணக் காது இன்னொன்றைக் கேட்கும். இரண்டும் மோதுமிடத்திற் சிரிப்புப் பிறக்கும். 1929ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு துயரக் காட்சியிலிருந்து கற்ற பாடத்தை, இரண்டு ஆண்டுகளில் அவர் நகைச்சுவைக்கு ஆக்கிக்கொண்டார்.

மேர்சனும் ஒளிப்பதிவாளர் பெரினாலும் இப்படத்தில் நடிகருக்கும் பின்னணிக்கும் நடுவே மெல்லிய வலைத்துணியைத் தொங்கவிட்டனர். நடிகர் தெளிவாகத் தெரிய, சுவரும் தளபாடமும் பனிக்குள் இருப்பவைபோல மங்கித் தோன்றும். படம் முழுவதும் எதுவுமே பாரமற்று மிதப்பதாக நமக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். இறுதியிலே துலிப்புத் தாத்தா வாக்குத் தவறாது சீட்டைக் கொண்டுவந்து சேர்க்கின்றார். திருடர் நாணயமானவர், நாணயமானவராகிய கடைக்காரரோ நாழிகைக்கு ஒரு முகங் காட்டுபவர்! எல்லாரும் கைகோத்து ஆடுகின்றனர்.

அதே 1931ஆம் ஆண்டிற் சாப்ளின் 'நகர விளக்குகள்' படத்தை வெளியிட்டார். இசை சேர்த்தார், பேச்சை ஏற்க மறுத்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் 'காளிதாஸ்' வெளியாகித் தமிழும் திரையில் ஒலிக்கத் தொடங்கியது. அதிலே தமிழோடு தெலுங்கும் கலந்திருந்தது. மக்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பேச்சு புரியாவிடினும் பாட்டு கொண்டுசெல்லும் என்பதை நம்மவரும் கண்டுகொண்டனர் எனலாம். வேற்றுமை ஒன்றுண்டு. நம் படங்களிற் பாட்டு வந்ததும் கதை நின்று காத்திருக்கும். கிளேரிடம் பாட்டின் முதுகில் ஏறியே கதை ஓடும். நம் படத்தயாரிப்பாளர் இதனைக் கவனித்துக் கற்றிருக்கலாம் என்பது என் கருத்து.

கிளேர் அவ்வாண்டின் இறுதியில் 'எமக்கே சுதந்திரம்' என்ற படத்தையும் தந்தார். இயந்திர யுகத்தை எள்ளும் அப்படத்தின் சாயல் சாப்ளினின் 1936ஆம் ஆண்டுப் படமாகிய 'நவீன காலம்' என்பதில் உள்ளதென்று தோபிஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கிளேர் அவ்வழக்கிற் பங்குகொள்ள மறுத்தார். தாம் சாப்ளினிடம் பட்ட கடன் பெரிது. அவர் தம்மிடம் ஏதேனும் பெற்றிருப்பின் அது தமக்குப் பெருமையே என்பது அவர் நிலை. அந்த நிறுவனம் அப்போது நாசி ஆட்சியின் பிடியில் இருந்தது. போருக்குப் பின்னரே அவ்வழக்கு சமரசமாய் முடிந்தது.

1934ஆம் ஆண்டில் சர்வாதிகாரத்தை எள்ளிய 'கடைசிக் கோடீசுவரன்' தோல்வியுற, கிளேர் இங்கிலாந்து சென்றார். 1940ஆம் ஆண்டிற் பிரான்சு வீழ்ந்ததும் அமெரிக்கா சென்றார். விச்சி அரசாங்கம் அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமையைப் பறித்தது. பின்னர் அது மீளளிக்கப்பட்டது. பாரிசின் கூரைகளை உலகுக்குக் காட்டியவன் பிரெஞ்சுக்காரன் அல்லன் என்று ஓர் அரசாங்கம் தாளில் எழுதிவைத்தது. மேர்சன் அதனைக் காணவில்லை. 1938ஆம் ஆண்டிலேயே இலண்டனில் இறந்துபோனார். அவரிடம் தொழில் கற்ற அங்கேரியராகிய அலெக்சாந்தர் திறௌனர், ஆசான் கட்டிய அதே வகைப் பாரிசைப் பிற்காலத்தில் அமெரிக்க இயக்குநர் பில்லி வைல்டரின் படங்களுக்குக் கட்டிக்கொடுத்தார்.

1947ஆம் ஆண்டு 'மௌனமே பொன்' என்ற படத்தோடு கிளேர் தாயகத்திற் பணியைத் தொடர்ந்தார். பேசாப் படக் காலத்தைப் பரிவோடு நினைவுகூரும் படம் அது. ஆயின் 1950களின் இளம் விமரிசகர், கூடங்களுக்குட் கட்டிய தெருக்களை வெறுத்து, கருவியைத் தோளிற் சுமந்து மெய்யான தெருவுக்கு இறங்கினர். கிளேரின் படங்கள் அவர்களுக்குப் பழைமையாய்த் தோன்றின. நயமுண்டு, ஆழமில்லை என்று பலர் தீர்ப்பெழுதினர். அத்தீர்ப்பை நான் முற்றாக ஏற்கமாட்டேன். கண்ணீர் வரவழைப்பதை ஆழம் என்றும், பாரந்தெரியாமற் சுமப்பதை மேம்போக்கு என்றும் கொள்வது இலக்கியத்திலும் நிலவுகின்ற ஒரு பழைய மயக்கம். வேலையற்றோர் தொகை ஐரோப்பாவெங்கும் பெருகிய ஆண்டில், கடனிற் கிடந்த ஓர் ஓவியனைப் பார்த்துப் பேர்லின் தொழிலாளியும் பாரிசுத் தையற்காரியும் ஒரே இடத்தில், மொழிபெயர்ப்பின்றி, சிரித்தனர். இரண்டே ஆண்டுகளில் அந்த இரு நகரங்களும் இரு வேறு உலகங்களாகிவிட்டன.

லபிஷ் என்ற வேடிக்கை நாடகாசிரியர் 1880ஆம் ஆண்டில் பிரெஞ்சு அக்கடமியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, சிரிக்கவைப்பவனுக்கு அங்கே என்ன வேலை என்று முகஞ்சுளித்தோர் இருந்தனர். அவருடைய தொப்பிக் கதையைப் படமாக்கிய கிளேரை அதே அக்கடமி எண்பது ஆண்டுகளின் பின், 1960ஆம் ஆண்டிலே தேர்ந்தெடுத்தது. 1981ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15ஆந் திகதி அவர் காலமானார். 'பத்து லட்சம்' தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்த பின்னரும் திரைப்படச் சங்கங்களிலே காட்டப்பெறுகின்றது. மேடைச் செடியின் மறைவில் அவ்விருவரும் மெல்லத் திரும்பி ஒருவரையொருவர் நோக்கும் அந்தக் கணத்தில், காட்சிக்கூடம் இன்றும் அமைதியாகிவிடுகின்றதாம்.